தாடிக்கு முகமூடி கிடையாது

மாஸ்க் என்றால் மாஸ்க்தானே மேடம், அதில் என்ன இருக்கிறது என்று என்னிடம் கேட்டவர்களை வரிசையாக நிறுத்தினால் கடலூர் ஓ.டி. பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் கம்பெனி கேட் வரைக்கும் நிற்பார்கள். வரிசையில் முதல் ஆளாகப் பர்ச்சேஸ் ஆபீசரை நிறுத்துவேன். அந்த ஆளைப் பார்த்த நாளிலிருந்தே எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. எங்களுக்குள் அந்த ஒரு விஷயத்தில்தான் ஒற்றுமை.

சிதம்பரம் போகும் சாலையில், சாயத்துக்கான மூலப்பொருள் தயாரிக்கும் கம்பெனி அது. நான் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு 2005இல் அங்கே லேப்பில் சேர்ந்தேன். ஒரு வருஷம் கழித்து, வாயை அடக்கத் தெரியாதவள் என்று லேப் இன்சார்ஜ் என்னை ஸ்டோருக்குத் தள்ளிவிட்டார். ஹெல்மெட், கையுறை, கம்பூட்டு, மாஸ்க் எல்லாம் கொடுக்கிற ஸ்டோர். தண்டனை என்று நினைத்துதான் அனுப்பினார். ஆனால் அங்கே எனக்கு ஒரு கவுண்ட்டரும் ஒரு பூட்டும் கிடைத்தன. நான் கொடுத்தால்தான் மாஸ்க், மாஸ்க் இருந்தால்தான் குளோரின் ஷெட்டுக்குள் விடுவார்கள். வாயாடியின் கையில் பூட்டையும் கொடுத்தது அவர்கள் செய்த தப்பு.

நான் போன புதிதில் தொழிற்சாலை ஆய்வாளர் வந்து, ஷெட்டில் ஆட்கள் வெறும் மூஞ்சியோடு நிற்கிறார்கள் என்று எழுதிவிட்டுப் போனார். மறுநாளே பர்ச்சேஸ் ஆபீசர் திருப்பாதிரிப்புலியூரில் ஏதோ கடையிலிருந்து இரண்டு அட்டைப்பெட்டி நிறைய வெள்ளைக் காகித மாஸ்க் வாங்கி வந்து என் கவுண்ட்டரில் இறக்கினார். மரத்தூள் பறக்கிற இடத்துக்கு அது சரி. குளோரினுக்கு அதைப் போடுவது சல்லடையில் தண்ணீர் மொள்வது மாதிரி. நான் பெட்டியைப் பிரிக்காமலே திருப்பித் தள்ளினேன்.

"ஆய்வாளரு மாஸ்க் போடச் சொன்னாரு, வாங்கியாச்சி. என்ன மாஸ்க்குன்னு அவுரு எழுதலையே மேடம்."

"நீங்க இத போட்டுக்கினு ஷெட்டுல அஞ்சு நிமிஷம் நில்லுங்க சார். நின்னுட்டு வாங்க, நான் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கறேன்."

அவர் நிற்கவில்லை. மேனேஜரிடம் போய் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்தார். மேனேஜர் கூப்பிட்டு விட்டபோது நான் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டு போனேன். முதலில் காற்றில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். தூசிக்கு வடிகட்டி, கரைப்பான் ஆவிக்கு மாஸ்க்கில் திருகி மாட்டுகிற கரி டப்பா ஒன்று, அமில வாயுவுக்கு வேறு டப்பா, இரண்டும் கலந்து வருகிற இடத்துக்கு மஞ்சள் பட்டை போட்ட டப்பா. அடுத்து, எவ்வளவு இருக்கிறது என்று கேட்க வேண்டும். பெரிய கசிவு என்றால் எந்த டப்பாவும் தாங்காது, முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு போகிற செட்தான் சரி. டப்பா மாஸ்க் அங்கே ஓடி வெளியே வருகிற வரைக்கும்தான் துணை. கடைசியாக, யாருடைய மூஞ்சி என்று கேட்க வேண்டும். ரப்பர் தோலோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் மாஸ்க். இடுக்கு இருந்தால் வாயு டப்பா வழியாக வராது, இடுக்கு வழியாகத்தான் வரும், அதற்குச் சுற்றிக்கொண்டு வரச் சொல்லி யார் சொல்வார்கள்.

மேனேஜர் படித்துப் பார்த்துவிட்டு, "மூஞ்சி வரைக்கும் போயிட்டீங்களே" என்றார். ஆனாலும் மஞ்சள் டப்பா மாஸ்க் வந்தது. பர்ச்சேஸ் ஆபீசர் அதை என் மேஜையில் வைத்த வேகத்தில் ஒரு டப்பாவின் மூடி உடைந்தது.

மாஸ்க் வந்ததும் அடுத்த சண்டை ஆட்களோடு. எங்கள் ஆட்களுக்கு மாஸ்க் கழுத்தில் போடுகிற பொருள். சூப்பர்வைசர் வந்தால் மேலே ஏறும், போனால் கீழே இறங்கும். ஒருவன் டப்பாவைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காய வைத்திருந்தான், சுத்தபத்தமாக. உள்ளே இருக்கிற கரி நனைந்தால் அதோடு டப்பா செத்தது. இன்னொருவன் ரப்பர் உறுத்துகிறது என்று உள்ளே கைக்குட்டை மடித்து வைத்து அதன் மேல் மாஸ்க் கட்டியிருந்தான். நான் கைக்குட்டையை உருவி அவன் முன்னாலேயே குப்பையில் போட்டேன். அவன் சம்சாரம் எம்பிராய்டரி போட்டுக் கொடுத்ததாம். எனக்கு 'மூக்கு மேடம்' என்று பெயர் வைத்தார்கள். கேண்டீனில் நான் போகும்போது யாராவது மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். பிடித்துக்கொள்ளட்டும், அந்த அளவுக்காவது மூக்கு ஞாபகம் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

மாஸ்க் விற்கிற கம்பெனிக்காரர் ஒரு நாள் வந்து ஒரு பரீட்சை செய்துகாட்டினார். அதை நான் விடாமல் பிடித்துக்கொண்டேன். ஸ்டோரின் மூலையில் கூரையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைக் கூண்டு மாதிரி தொங்கவிட்டேன். வாழைப்பழ வாசனை அடிக்கிற ஒரு திரவம் லேப்பில் உண்டு. அதைக் காகிதத்தில் நனைத்துக் கூண்டுக்குள் மாட்ட வேண்டும். ஆள் மாஸ்க் போட்டுக்கொண்டு உள்ளே நின்று தலையை இப்படியும் அப்படியும் திருப்ப வேண்டும், குனிய வேண்டும், சத்தமாகப் பேச வேண்டும். வாழைப்பழ வாசனை வந்தால் மாஸ்க் ஒட்டவில்லை என்று அர்த்தம். என்ன பேசுவது என்று விழித்தார்கள். பஸ் நிறுத்தங்களைச் சொல்லச் சொன்னேன். ஓ.டி., காரைக்காடு, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர், சிதம்பரம். வாசனை வராமல் சிதம்பரம் போய்ச் சேர்ந்தவன் பாஸ். ரெஜிஸ்டரில் 'வாசனை இல்லை' என்று எழுதி நான் கையெழுத்துப் போடுவேன்.

தாடி வைத்தவர்களுக்கு அந்தப் பரீட்சையே கிடையாது. மயிர் இருக்கிற இடத்தில் ரப்பர் ஒட்டாது, இதில் பார்க்க என்ன இருக்கிறது. கவுண்ட்டருக்கு மேலே பெரிதாக எழுதி ஒட்டினேன்: தாடி உள்ளவர்களுக்கு மாஸ்க் வழங்கப்படாது. 2007இல் கார்த்திகை பிறந்ததும் மாலை போட்ட இரண்டு பேர் கறுப்பு வேட்டியும் பத்து நாள் தாடியுமாக வந்து நின்றார்கள்.

"நாப்பத்தெட்டு நாள்தான மேடம். சாமி பாத்துக்குவாரு."

"சாமிகிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க பாய்லர் பக்கம் போங்க சாமி."

போனார்கள். முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். அதற்கு முன்பே, தாடி எடுக்க முடியாது என்று சொன்ன ஒரு இஸ்லாமியப் பையனைப் பேக்கிங்குக்கு மாற்ற வைத்தேன். நல்ல ஃபிட்டர். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் ஸ்பேனரைத் துடைத்து வைத்துவிட்டுப் போனான். யாருக்காகவும் அந்த ஒட்டிய காகிதத்தை நான் கிழித்ததில்லை. அதில் எனக்குத் திமிர் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

என் வீட்டுக்காரரும் அதே கம்பெனிதான். குளோரின் ஷெட்டில் டன் சிலிண்டர் மாற்றுகிறவர். ஒரு டன் வாயு அடைத்த இரும்பு உருளையைக் குழாயோடு இணைத்து, வால்வைத் திறந்து, கசிகிறதா என்று பார்த்து விடுகிற வேலை. அவரளவுக்குக் கை பழகிய ஆள் அங்கே வேறு இல்லை. அதிகம் பேசமாட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிவிடுகிறேன் என்று அவர் கூட்டாளிகள் சொல்வார்கள். சிதம்பரத்தில் மாமியார் வீட்டில் இருந்தோம். காலையில் கம்பெனி பஸ்ஸில் அவர் பின்னால் ஆண்கள் பக்கம், நான் முன்னால்.

கல்யாணமான மறு வருஷம் நான் முழுகாமல் இருந்தேன். எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி மாசமாக இருந்தால் புருஷன் சவரம் செய்யக் கூடாது, முடி வெட்டக் கூடாது. பிணம் தூக்கக் கூடாது, வீடு கட்டத் தொடங்கக் கூடாது என்கிற பட்டியலில் அதுவும் ஒன்று. அத்தை, அதாவது என் மாமியார், சொல்லிப் பார்த்தார். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் ஷெட்டில் நிற்கிற ஆள், நான் மாஸ்க் கொடுக்கிற ஆள், என் புருஷனே தாடியோடு வந்து நின்றால் என் மரியாதை என்ன ஆவது. அவர் தினமும் காலையில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து வழித்துக்கொண்டு வந்தார். நாலாம் மாதம் கரு கலைந்தது.

டாக்டர் இதெல்லாம் சகஜம் என்றார். புவனகிரியிலிருந்து வந்திருந்த என் அம்மா அழுதாள். அத்தை அழவில்லை. பத்து நாள் கழித்து, ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அவன் மூஞ்ச வழிச்சிக்கினு போறப்பவே எனக்கு வயித்த கலக்குச்சி. சொன்னா கேட்டாத்தான."

நான் படித்தவள். கன்னத்து மயிருக்கும் கர்ப்பப்பைக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். அதை அப்போதே சொல்லவும் சொன்னேன், சத்தமாக, தெருவுக்குக் கேட்கிற மாதிரி. அத்தையும் நானும் அதற்குப் பிறகு மூன்று மாதம் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. குளிக்கும்போது வரும், பஸ்ஸில் வரும். அத்தையை நான் வெறுத்தேன், அதில் பாதி, அந்தச் சொல்லை எனக்குள் வைத்ததற்காக.

2008 சித்திரையில் மறுபடியும் தங்கியது. அத்தை இந்த முறை என்னிடம் சொல்லவே இல்லை. மகனிடமிருந்து ரேசரை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். என் வீட்டுக்காரர் அம்மாவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சமயம் ஷெட் ரிப்பேருக்காக மூடியிருந்தது, அவர் வெளியே பைப் வேலையில் இருந்தார். அதனால் இப்போதைக்குத் தொந்தரவு இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஷெட் திறந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தாடிக்காரருக்கும் மாஸ்க் உண்டு. தலையிலிருந்து தோள் வரைக்கும் மூடுகிற கூடு, அதற்குள் குழாய் வழியாகச் சுத்தமான காற்று வந்துகொண்டே இருக்கும். காற்று உள்ளிருந்து வெளியே தள்ளுவதால் மூஞ்சியில் எதுவும் ஒட்ட வேண்டியதில்லை. தாடியோ மீசையோ அதற்குக் கவலையில்லை. ஆடி மாதமே அதை வாங்கித் தரச் சொல்லி இண்டெண்ட் எழுதினேன். திரும்பி வந்தது. ஆவணியில் எழுதினேன், மாலை போடுகிறவர்களையும் சேர்த்துக் காரணம் காட்டினேன். திரும்பி வந்தது. மூன்றாம் முறை நானே பர்ச்சேஸ் ஆபீசரிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் படித்துவிட்டுச் சிரித்தார். "வீட்டுக்காரருக்கு ஹெல்மெட்டு, கிரீடம் மாதிரி. சொந்த விஷயத்துக்கு இண்டெண்ட் போடற மொத ஆளு நீங்கதான் மேடம்."

மேனேஜர், "ரெண்டு மூணு மாசம்தானம்மா, சமாளிச்சிக்கலாம்" என்றார். "அவர வேற செக்ஷன் மாத்துங்க சார்" என்றேன். "அவர மாத்திட்டு டன்னர யாரு மாட்டறது, நீங்களா" என்றார். நான் ஏழு மாச வயிற்றோடு அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். உட்காரச் சொல்லத் தோன்றவில்லை அந்த மனுஷனுக்கு. அந்த இரண்டு பேரையும் அன்றைக்கு வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுத்தான் வெளியே வந்தேன். திட்டியது சரிதான். இன்றைக்கும் அதில் எனக்கு வருத்தமில்லை.

ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில் ஷெட் திறந்தது. ஆட்கள் மாஸ்க் வாங்க வந்து நின்றார்கள். என் வீட்டுக்காரர் கடைசி ஆளாக நின்றார், கழுத்தை மறைக்கிற தாடியோடு, அவர் தலைக்கு மேலேயே நான் ஒட்டிய காகிதம். முன்னால் மாஸ்க் வாங்கியவர்கள் போகவில்லை. வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"மூக்கு மேடம் இன்னா பண்றாங்கன்னு பாக்கலாம் மச்சான்" என்று ஒருவன் சொன்னது எனக்கும் கேட்டது.

எனக்குச் சுருக்கென்று வந்தது. "இன்னா வேடிக்க? டெஸ்ட் வைக்கப் போறேன். பாஸானா மாஸ்க், இல்லன்னா இல்ல" என்றேன். தாடிக்காரருக்கு டெஸ்ட் கிடையாது என்கிற என் சட்டத்தை என் வாயாலேயே மாற்றினேன் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும் என்று விட்டேன். எல்லாரையும் விரட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

கூண்டுக்குள் காகிதத்தை மாட்டும்போதே எனக்குக் குமட்டியது. மசக்கை போன பிறகும் அந்த வாசனை மட்டும் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் மாஸ்க்கை வாங்கி, பட்டையை இறுக்கி, உள்ளே போய் நின்றார். தலையைத் திருப்பினார், குனிந்தார். "சொல்லுங்க" என்றேன். ஓ.டி., என்றார். காரைக்காடு. ஆலப்பாக்கம் என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். ஒரு விநாடிதான். கண் இமை இரண்டு முறை அடித்தது, தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. பிறகு ஆலப்பாக்கம் என்று முழுசாகச் சொல்லி, புதுச்சத்திரம், முட்லூர், சிதம்பரம் என்று முடித்தார்.

அந்தக் கூண்டில் நூறு பேருக்கு மேல் நிறுத்திப் பார்த்தவள் நான். வாசனை வந்தவன் மூஞ்சி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"வாசன?"

"இல்ல."

என் கை வயிற்றின் மேல் இருந்தது. உள்ளே குழந்தை அசைந்துகொண்டிருந்தது. அத்தையின் புளி கரைக்கிற கை ஞாபகம் வந்தது. இரண்டு மூன்று மாதம்தானே என்று மேனேஜர் சொன்ன அதே வார்த்தையை எனக்குள் நானும் சொன்னேன். ரெஜிஸ்டரை எடுத்து அவர் பெயருக்கு நேராக 'வாசனை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் கூண்டை விட்டு வந்து ரெஜிஸ்டரில் நான் எழுதியதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மாஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார்.

கார்த்திகை பிறந்தது. போன வருஷம் பாய்லர் பக்கம் அனுப்பிய அதே இரண்டு சாமிகளும் மாலையோடு வந்தார்கள்.

"எங்களுக்கும் டெஸ்ட் வையிங்க மேடம். ஒங்க வூட்டுக்காரருக்கு வச்சீங்கல்ல."

"முடியாது" என்றேன்.

"ஏன், அவுரு தாடி மட்டும் பிளாஸ்டிக்கா?"

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. நியாயம் அவர்கள் பக்கம் இருந்தது, அதனால் இன்னும் சத்தமாகக் கத்தினேன். அவர்கள் போகும்போது ஒருவன் ஒட்டிய காகிதத்தைக் கிழித்து உருட்டி என் கவுண்ட்டரில் வைத்துவிட்டுப் போனான். நான் புதிதாக எழுதி ஒட்டவில்லை.

அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, காலை டீ முடிந்த நேரம், ஷெட் பக்கமிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். இணைப்பில் போடுகிற ஈய வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். பழையதையே திருப்பிப் போட்டிருந்தார்கள், ஸ்டாக் இல்லையாம். இணைப்பு பிய்த்துக்கொண்டு மஞ்சளும் பச்சையுமாகப் புகை கிளம்பியிருக்கிறது. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் நின்று, வால்வைத் தேடி, திருகி மூடிவிட்டு வந்தார். ஒரு நிமிஷம் இருக்கும் என்றார்கள். மூஞ்சியோடு ஒட்டிய மாஸ்க்காக இருந்தால் அந்த ஒரு நிமிஷத்தை அது தாங்கியிருக்கும். நான் ஸ்டோரிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடியபோது அவர் வேப்பமரத்தடியில் முட்டி போட்டு, மாஸ்க்கைப் பிய்த்து எறிந்துவிட்டு, வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். தாடியெல்லாம் நுரை.

கடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சாயங்காலம் வரை பேசிக்கொண்டுதான் இருந்தார், மறுநாள் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. பிராணவாயுவை அழுத்திக் கொடுக்கிற ஒரு மெஷினோடு பெரிய மாஸ்க்கைக் கொண்டுவந்து மாட்டினார்கள். மெஷின் கீச்கீச்சென்று கத்தியது. நர்ஸ் இரண்டு முறை பட்டையை இறுக்கிப் பார்த்துவிட்டு, "தாடில லீக்காவுது, ஷேவ் பண்ணணும்" என்றாள்.

கட்டில் பக்கத்தில் நின்ற அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்மா. எட்டு மாசம், இன்னும் கொஞ்ச நாளுதான். வேற எதனா பண்ணுங்க."

"செரைங்க" என்றேன் நான்.

"ஏண்டி, ஒனக்கு வயித்துல இருக்கறது வேணாமா?"

"செரைங்க சிஸ்டர். நான் பொண்டாட்டி, நான் சொல்றேன். இவுங்கள வெளிய கூட்டிக்கினு போங்க."

அத்தையை, புவனகிரியிலிருந்து வந்திருந்த என் தம்பி வெளியே கூட்டிக்கொண்டு போனான். அவர் வராந்தாவில் உட்கார்ந்து என்னைச் சபித்தது வார்டு முழுக்கக் கேட்டது. வார்டு ஆள் வந்து வழித்து எடுத்தான். மாஸ்க் ஒட்டியது, மெஷின் கத்துவதை நிறுத்தியது. தை மாதம் எங்களுக்குப் பெண் பிறந்தாள், கொழுகொழுவென்று, ஒரு குறையும் இல்லாமல். எட்டு மாசம் வரைக்கும் தாடி இருந்ததே, அதுதான் காப்பாற்றியது என்று அத்தை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரோடு வாதாடுவதை நான் விட்டுவிட்டேன்.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த ஆறாம் நாள் மத்தியானம் மேனேஜர் வந்தார். கூடவே பர்ச்சேஸ் ஆபீசர், கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். அன்றுதான் என் வீட்டுக்காரருக்குப் பெரிய மாஸ்க்கை எடுத்து மூக்குக்குச் சின்னக் குழாய் வைத்திருந்தார்கள். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மேனேஜர் அவர் காலைத் தட்டிக்கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆய்வாளர் வந்தாரும்மா. பயந்துக்கினே இருந்தேன். ஆனா ஒங்க ரெஜிஸ்டர் பக்காவா இருந்துச்சி. டெஸ்ட் வச்சி, பாஸாகி, சைன் எல்லாம் இருக்கு. கம்பெனிக்கு ஒண்ணும் ஆவல."

எனக்குக் காதில் ஏதோ அடைத்த மாதிரி இருந்தது. பிறகு அடைப்பு திறந்துகொண்டது. மூன்று இண்டெண்டையும் சொன்னேன். கூடு வாங்கியிருந்தால் என்றேன். வாஷர் ஸ்டாக் இல்லாமல் ஷெட்டைத் திறந்தது யார் என்றேன். கிரீடம் என்று சொன்ன வாயைக் காட்டுங்கள் என்று பர்ச்சேஸ் ஆபீசரைப் பிடித்துக்கொண்டேன். ஹார்லிக்ஸ் பாட்டிலை அவர் கையிலேயே திருப்பித் திணித்தேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்துகொண்டார்கள். இரண்டு பேரும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

அவர்கள் போன பிறகும் நான் நிறுத்தவில்லை. கட்டிலைச் சுற்றி நடந்துகொண்டே பேசினேன். மேனேஜர், பர்ச்சேஸ், பழைய வாஷரை எடுத்துக் கொடுத்தவன், ரேசரைப் பூட்டி வைத்த உங்கம்மா, வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள், எல்லாரையும் ஒரு சுற்று சுற்றி வந்தேன். இவர்கள் எல்லாரும் சேர்ந்துதான் உங்களைப் படுக்க வைத்தார்கள் என்றேன்.

"கொஞ்சம் ஒக்காரு" என்றார் அவர். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. மழித்த கன்னம் வெளுத்துப்போய், வேறு யாரோ மாதிரி இருந்தார்.

உட்கார்ந்தேன்.

"எனக்கு அன்னிக்கி வாசன வந்துச்சி."

"தெரியும்" என்றேன்.

"ஒனக்குத் தெரிஞ்சிதுன்னு எனக்கும் தெரியும்." கொஞ்ச நேரம் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். "எங்கம்மாகிட்ட என்னால சொல்ல முடியல, ஒங்கிட்டயும் வாசன வருதுன்னு சொல்ல வாய் வரல. 'பொண்டாட்டி உள்ள விடமாட்டேன்னுட்டா, வேல பூடும்'னு போயி சொன்னா அம்மா ரேசர எடுத்துக் குடுத்துரும். அதுக்குத்தான் வந்து நின்னேன். ஊர்ல அத்தன பேர தடுத்து நிறுத்துனியே, என்னையும் நிறுத்துவன்னு நெனச்சேன்."

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன். திட்டுவதற்கு ஆள் யாரும் மிச்சமில்லை.